ஆண்டுக்குப் பதின்மூன்று மாதமா?

ஆண்டுக்கு எத்தனை மாதம் என்று எந்த ஆலைத் தொழிலாளியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு என்றுதான் சொல்வார். அவர் சம்பளம் வாங்குவது பன்னிரண்டு முறை. வீட்டு வாடகை கொடுப்பது பன்னிரண்டு முறை. ரேஷன் கடை வரிசையில் நின்று அரிசி வாங்குவதும் பன்னிரண்டு முறைதான். ஆனால் அவருடைய சட்டைப் பையில் கிடக்கிறதே கைபேசி, அதற்கு மட்டும் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்! பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கும் எட்டாத இந்தப் பதின்மூன்றாவது மாதத்தைக் கண்டுபிடித்துத் தந்த மேதைகள் யார்? தொலைபேசிக் கம்பெனிகளின் முதலாளிகள்!

எப்படி என்கிறீர்களா? கடையில் போய் "ஒரு மாத ரீசார்ஜ்" என்று கேட்கிறோம். கடைக்காரரும் போட்டுவிடுகிறார். அதன் ஆயுள் 28 நாள். பன்னிரண்டு முறை பணம் கட்டியும் 336 நாள்தான் ஆகிறது. மிச்சம் 29 நாள் நிற்கிறது. அந்த 29 நாளுக்காகப் பதின்மூன்றாம் முறையும் கடைப்படி ஏறவேண்டும். பதின்மூன்று முறை கட்டினால் 364 நாள். அப்போதும் ஒரு நாள் உதைக்கிறது! பிப்ரவரிக்கு மட்டும் உரிய 28ஐ மற்ற மாதங்களின் தலையிலும் கட்டிவிட்டார்கள். மாதத்தைச் சுருக்கினார்கள், கட்டணத்தைச் சுருக்கினார்களா? இல்லை!

"இருபது ரூபாய், முப்பது ரூபாய்ச் சமாச்சாரம். இதற்காகவா பத்திரிகையில் இத்தனை இடம்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். 1953ஆம் ஆண்டு ஜூலையில், கல்கத்தாவில் வெள்ளையருக்குச் சொந்தமான டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை உயர்த்தியது. எவ்வளவு? ஒரே ஒரு பைசா! அந்த ஒரு பைசாவை எதிர்த்து அந்த மாநகரமே எழுந்து நின்றது. உயர்வை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஒரு பைசா ஒரு மனிதனுக்குச் சிறிதாகத் தோன்றலாம். நாள்தோறும் பல்லாயிரம் பேரிடம் பிடுங்கும் கம்பெனிக்கு அது சிறிதல்ல என்பதை அன்றைய தொழிலாளி அறிந்திருந்தான். இன்றைய தொழிலாளியும் அறியவேண்டும்.

ஆடம்பரமா, அவசியமா?

கைபேசி ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் உண்டு. 1995 ஜூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைபேசிப் பேச்சு அதுதான். அந்நாளில் அழைத்தவருக்கும் கட்டணம், அழைக்கப்பட்டவருக்கும் கட்டணம். நாமெல்லாம் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்தோம். 2003இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் ஒழிந்த பிறகுதான் சாமானியன் கைக்குப் போன் வந்தது. அதன் பிறகும் பேசக் காசில்லாமல் "மிஸ்டு கால்" கொடுத்தே குடும்பம் நடத்திய காலம் ஒன்றிருந்தது.

இன்று நிலைமை என்ன? சித்தாளும் கொத்தனாரும் மேஸ்திரியின் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். போன் வந்தால் வேலை. வராவிட்டால் அன்று அடுப்பு எரிவது கஷ்டம். வங்கியில் நம் பணத்தை நாமே எடுக்க ஓ.டி.பி. வேண்டும். கியாஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போன் வேண்டும். ஆதார் திருத்தம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம், முதியோர் ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் உயிரோடிருக்கும் ஒரு எண் வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்தால் அன்றே நாம் பேச முடியாது; சில நாள் கழித்து நம்மைக் கூப்பிடுகிறவர்களின் குரலும் வராது. இன்கமிங் நின்றால் வேலையும் நிற்கும். ஆகவே இது அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் போன்ற செலவு. சர்க்காரே எல்லாக் காரியத்துக்கும் போனைக் கட்டாயமாக்கிவிட்ட பிறகு, அந்தப் போனின் கட்டணத்தைப் பற்றிக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

35 ரூபாய் 199 ஆன கதை

2005–06இல் 999 ரூபாய்க்கு "ஆயுட்கால" அட்டை விற்றார்கள். ஒரு முறை கட்டினால் வரும் அழைப்பு என்றென்றைக்கும் இலவசம் என்றார்கள். கடன் வாங்கியும் கட்டினவர்கள் உண்டு. பிறகு என்ன நடந்தது? யாருடைய ஆயுள் முடிந்தது? வாங்கியவரின் ஆயுளா, அட்டையின் ஆயுளா?

2016 செப்டம்பர் 5ஆம் நாள் ஜியோ வந்தது. பல மாதம் எல்லாம் இலவசம் என்று அள்ளி வீசினார்கள். மக்கள் மகிழ்ந்தார்கள். அந்த இலவசப் புயலில் மற்றக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் வைத்திருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலானதாக மனுப் போட்டது. சிக்னல் செத்துப்போய், எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் கடைகடையாய் அலைந்ததை நாம் மறந்துவிடவில்லை. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. கடைசியில் மிஞ்சியவை மூன்று தனியார் கம்பெனிகளும், சர்க்காரின் பி.எஸ்.என்.எல்.லும்தான். சந்தையில் பத்துக் கடை இருந்தபோது இலவசம். மூன்று கடை ஆனதும் விலையேற்றம். இதுதான் அவர்கள் சொல்லும் "போட்டி".

ஏர்டெல் கம்பெனியின் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிம் உயிரோடிருக்க மாதாமாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டும் என்ற முறையை 2018இன் இறுதியில் கொண்டுவந்தபோது அந்தத் தொகை 35 ரூபாய். 2021 ஜூலையில் அது 79. அதே ஆண்டு நவம்பரில் 99. 2023இல் வட்டம் வட்டமாக 155, அதுவும் 24 நாளுக்கு. 2024 ஜூலையில் 199. ஆறு ஆண்டுக்குள் ஐந்தரை மடங்குக்கு மேல்! எந்த ஆலையில், எந்தத் தொழிலாளிக்கு ஆறு ஆண்டில் கூலி ஐந்தரை மடங்கு உயர்ந்தது? சொல்லட்டும், கேட்போம்.

2024 ஜூலை உயர்வு நடந்த விதத்தையும் கவனியுங்கள். ஜூன் 27ஆம் நாள் ஜியோ அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் வி.ஐ.யும் அறிவித்தன. ஜூலை 3, 4 தேதிகளில் மூன்றும் உயர்த்திவிட்டன. ஒரே ராகம், ஒரே தாளம், ஒரே வாரம்! இதில் போட்டி எங்கே இருக்கிறது? மத்திய சர்க்கார் என்ன சொன்னது? கட்டணத்தைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, உலகத்திலேயே நம் நாட்டுக் கட்டணம் மலிவுதான் என்று ஓர் அறிக்கை விட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

மலிவு என்பதில் உண்மை இல்லாமலில்லை. டேட்டா விலை பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிடப் பெரிதும் குறைந்திருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் டேட்டாவே வேண்டாத பாட்டிக்கு, பட்டன் போன் வைத்திருக்கும் வாட்ச்மேனுக்கு, அந்த மலிவால் என்ன லாபம்? வேண்டாத பண்டத்தைச் சேர்த்துக் கட்டி, "பாருங்கள், எவ்வளவு மலிவு!" என்றால், கடையில் உப்பு வாங்கப் போனவன் தலையில் சர்க்கரை மூட்டையை ஏற்றிவைத்துப் பணம் கேட்பது போலத்தான்.

ஏழைக்கே விலை அதிகம்

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முதலாளி கணக்கில்தான் ஜெயிக்கிறான். நாம் கணக்குப் பார்க்காமல்தான் தோற்கிறோம். இங்கே சொல்லும் விலைகள் 2024 ஜூலை உயர்வின்போது அறிவிக்கப்பட்டவை. விலை மாறும், திட்டம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. இன்றைய விலையைப் போட்டு நீங்களே கணக்கிடலாம்.

வழி எளிது. கட்டணத்தை நாளால் வகுக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஏர்டெல்லில் பேசுவதற்கும் கொஞ்சம் டேட்டாவுக்கும் மூன்று திட்டங்கள் இருந்தன. 28 நாளுக்கு 199 ரூபாய். 84 நாளுக்கு 509 ரூபாய். 365 நாளுக்கு 1999 ரூபாய். வகுத்துப் பாருங்கள். முதலாவதில் ஒரு நாளுக்கு 7 ரூபாய் 11 பைசா. இரண்டாவதில் 6 ரூபாய் 6 பைசா. மூன்றாவதில் 5 ரூபாய் 48 பைசா. சேவை ஒன்றுதான், சிக்னல் ஒன்றுதான், கோபுரம் ஒன்றுதான். விலை மட்டும் மூன்று!

199ஐப் பதின்மூன்று முறை கட்டுகிறவர் ஆண்டுக்குக் கொடுப்பது 2587 ரூபாய். மொத்தமாக 1999 கட்ட வசதியுள்ளவர் அதே சேவையை 588 ரூபாய் குறைவாகப் பெறுகிறார். மொத்தமாகக் கட்ட முடிந்தவர் யார்? மாதச் சம்பளக்காரர், கையில் காசு புழங்குகிறவர். கட்ட முடியாதவர் யார்? அன்றாடங்காய்ச்சி, கூலித் தொழிலாளி. ஆக, காசுள்ளவனுக்கு விலை குறைவு. காசில்லாதவனுக்கு விலை அதிகம்! மளிகைக் கடையில் எண்ணெயை நூறு நூறு மில்லியாக வாங்குகிற குடும்பம் லிட்டர் கணக்கில் வாங்குகிற குடும்பத்தைவிட அதிகம் கொடுக்கிறதே, அதே அநியாயம்தான் இங்கும். ஏழையாக இருப்பதற்கென்றே ஆண்டுக்கு 588 ரூபாய் அபராதம் கட்டுகிறோம், தோழர்களே!

அந்தப் பணத்தின் கனத்தைப் பாருங்கள். 2024–25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. டேட்டா தரும் 28 நாள் திட்டத்துக்கு ஜியோவில் 299 ரூபாய், ஏர்டெல்லில் 349 ரூபாய். ஒரு நாள் முழுதும் வெயிலில் மண்வெட்டி பிடித்து வாங்கிய கூலி, ஒரு ரீசார்ஜுக்குச் சரியாய்ப் போய்விடுகிறது. சில சமயம் போதாமலும் போகிறது.

மூன்று கண்கட்டு வித்தைகள்

முதல் வித்தை, நாளைக் குறைப்பது. அதே 2024 ஜூலையில் ஜியோவின் நீண்ட காலத் திட்டம் 1899 ரூபாய். ஏர்டெல்லின் 1999ஐவிட 100 ரூபாய் குறைவு என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் நாளைப் பாருங்கள். ஏர்டெல் 365 நாள். ஜியோ 336 நாள்தான். வகுத்தால் ஜியோ நாளுக்கு 5 ரூபாய் 65 பைசா, ஏர்டெல் 5 ரூபாய் 48 பைசா. விலையில் குறைந்தது கணக்கில் கூடிவிட்டது! சர்க்கார் கம்பெனியும் இதற்கு விதிவிலக்கல்ல. பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் கட்டணத்தை உயர்த்தவில்லை. அதனால் தொடர்ந்து சில மாதம் பல லட்சம் பேர் அங்கே போனார்கள். ஆனால் பிற்பாடு சில திட்டங்களில் ரூபாயைத் தொடாமல் நாளைக் கத்தரிக்கும் வித்தையை அதுவும் கற்றுக்கொண்டது. எந்தப் பலகையானாலும் ரூபாயை மட்டும் படிக்காதீர்கள், நாளையும் படியுங்கள்.

இரண்டாவது வித்தை, தினசரி டேட்டா. "நாளொன்றுக்கு 1.5 ஜி.பி., 2 ஜி.பி." என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நள்ளிரவு 12 மணி அடித்தால் மிச்சமிருப்பது பெரும்பாலான திட்டங்களில் கம்பெனிக்கே திரும்பிப் போகிறது. பகலெல்லாம் எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி அதில் எவ்வளவு செலவழிக்கிறார்? போனின் அமைப்புகள் பக்கத்தில் ஒரு மாதத்தில் செலவான டேட்டாவின் கணக்கு இருக்கிறது. பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை ஜி.பி. பயன்படுத்துகிறவர் 2 ஜி.பி.க்குப் பணம் கட்டுவது, ஒரு வேளை சாப்பிட நான்கு வேளைக்குச் சீட்டு வாங்குவது போன்றது. "அளவில்லாத 5ஜி" என்ற ஆசை வார்த்தையும் இப்படித்தான். 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் அதை நாளொன்றுக்கு 2 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களோடு கட்டிவிட்டன. நம் கையில் இருப்பது 4ஜி போன் என்றால் அந்தக் கூடுதல் காசு எதற்காக?

மூன்றாவது வித்தை, சில்லறைக் கத்தரிப்பு. சில பணச் செயலிகள் ரீசார்ஜ் ஒன்றுக்கு 1 ரூபாய், 2 ரூபாய், 3 ரூபாய் என்று தனிக் கட்டணம் எடுக்கின்றன. கம்பெனியின் சொந்தச் செயலியிலோ கடையிலோ போட்டால் அது மிச்சம். காலர் டியூன், ஜோதிடம், கிரிக்கெட் செய்தி என்று நாம் கேளாமலே ஒட்டிக்கொள்ளும் சேவைகளும் உண்டு. அவற்றை நிறுத்த 155223 என்ற இலவச எண் இருக்கிறது.

குரலுக்கு மட்டும் கட்டணம்

டேட்டா வேண்டாதவர்களின் குறையை மத்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் காலம் கடந்தேனும் உணர்ந்தது. 2024 டிசம்பர் 23ஆம் நாள் அது ஒரு விதி செய்தது. ஒவ்வொரு கம்பெனியும் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது தரவேண்டும் என்பதே அந்த விதி.

கம்பெனிகள் அதை எப்படி நிறைவேற்றின தெரியுமா? 2025 ஜனவரியில் ஏர்டெல், 84 நாள் திட்டத்தில் டேட்டாவை உருவிவிட்டு 509ஐ 499 ஆக்கியது. குறைந்தது பத்தே ரூபாய்! 1999ஐ 1959 ஆக்கியது. திட்டங்களைப் பரிசீலிக்கப் போவதாக ஆணையம் சொன்ன பிறகே 499 என்பது 469 ஆயிற்று; 1959 என்பது 1849 ஆயிற்று. ஜியோவோ 365 நாளுக்கு 1958 என்று அறிவித்ததைப் பிறகு 1748 ஆக்கியது. 210 ரூபாய் குறைத்துவிட்டார்களே என்று மகிழ வேண்டாம். நாளைப் பாருங்கள், 365 என்பது 336 ஆகிவிட்டது! வகுத்தால் நாளுக்கு 5 ரூபாய் 36 பைசா என்றிருந்தது 5 ரூபாய் 20 பைசா ஆயிற்று. மெய்யான குறைப்பு 16 பைசா. மற்றதெல்லாம் மாயம்.

ஆயினும் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கேட்டதனால்தான் விதி வந்தது. கண்காணித்ததனால்தான் விலை இறங்கியது. மாதத்தின் கதையும் அதுவே. 28 நாள் மோசடியைப் பற்றி மக்கள் முறையிட்டதன் பேரில், 2022 ஜனவரியில் ட்ராய் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் ஆயுளுள்ள திட்டமும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. அந்தத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் கடைப் பலகையில் அவை மூலையில் இருக்கும், கேட்டால்தான் கிடைக்கும். நாம் கேட்கிறோமா?

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு தொழிலாளி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, கல்லூரியில் படிக்கும் மகள். நான்கு போன். நால்வருக்கும் கடைக்காரர் வழக்கமாகப் போடும் 299 ரூபாய்த் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 28 நாளைக்கு 1196 ரூபாய். 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். அம்மாவின் கைக்கு வந்த தொகை முழுதும் போய், மேலும் 196 ரூபாய் தேடவேண்டியிருக்கிறது! ஆண்டுக்குப் பதின்மூன்று முறை என்றால் 15,548 ரூபாய்.

இப்போது ஒரு மாலை உட்கார்ந்து யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிறார்கள். பாடம் படிக்க டேட்டா தேவைப்படுவது மகளுக்கு மட்டும். மற்ற மூவருக்கும் பேசினால் போதும். எப்போதாவது ஒரு படம் அனுப்பினால் போதும். மூவருக்கும் 189 ரூபாய்த் திட்டம் என்று மாற்றினாலே ஆண்டுச் செலவு 11,258 ஆகிவிடுகிறது. அதற்கும் மேலே, மகளுக்கு 84 நாளுக்கு 799 என்ற திட்டத்தை நான்கு முறையும், மீதி நாளுக்கு 299ஐ ஒரு முறையும் போட்டால் 3495. மற்ற மூவருக்கும் 336 நாளுக்கு 1899, மீதிக்கு 189 என்றால் ஆளுக்கு 2088, மூவருக்கும் 6264. மொத்தம் 9759 ரூபாய். மிச்சம் 5789 ரூபாய்! தீபாவளிக்குத் துணி எடுக்கலாம். பள்ளி திறக்கும் ஜூனில் கடன் வாங்காமல் இருக்கலாம். இவை 2024 ஜூலை விலைகள். இன்றைய விலையை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். தொகை மாறலாம், மிச்சம் இருக்கவே செய்யும்.

"மொத்தமாகக் கட்டக் காசு எங்கே?" என்பது நியாயமான கேள்வி. இங்கேதான் நம் சங்கங்கள் தோள் கொடுக்க வேண்டும். போனஸ் வரும் மாதத்தில் ஆண்டுத் திட்டத்தைப் போடச் சொல்லலாம். தொழிலாளர் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கும் இடங்களில் இதற்கென ஒரு சிறு முன்பணம் கேட்கலாம். பெண்கள் சுய உதவிக் குழுக்களில் மாதம் ஒருவருக்கு என்று முறை வைக்கலாம். சீட்டுப் பிடித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

செய்ய வேண்டியவை

கிளைத் தோழர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். படிப்பகத்தின் சுவரில், தேநீர்க் கடைப் பலகையில், ஒரு தாள் ஒட்டுங்கள். நான்கு கம்பெனிகளின் பெயர், திட்டத்தின் விலை, நாள், ஒரு நாள் செலவு. நான்கே பத்திகள். எல்லாக் கம்பெனிகளின் கட்டணங்களையும் ட்ராய் தன் இணையதளத்தில் ஒரே இடத்தில் வெளியிடுகிறது. படித்த இளைஞர் ஒருவர் மாதம் ஒரு முறை எடுத்து எழுதினால் போதும். மலிவு மட்டும் பார்க்காமல், நம் தெருவில், நம் ஆலைக்குள் எந்தக் கம்பெனியின் சிக்னல் கிடைக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். பேச முடியாத போனுக்கு மலிவு என்ன, விலை என்ன?

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் எண்ணை விடாமலே மாறும் உரிமை 2011 முதல் நாடெங்கும் இருக்கிறது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம்விட்டு நம் எண்ணை எழுதி, 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போகலாம். இருக்கும் கம்பெனியில் 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். மாறும்போது பழைய ரீசார்ஜின் மிச்ச நாள் போய்விடும். ஆகவே ஆயுள் முடியும் தறுவாயில் மாறுவதே புத்திசாலித்தனம். காசு தவறாகப் பிடித்தால் 198க்குப் பேசிப் புகார் எண் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். எண் இல்லாத புகார் காற்றில் எழுதிய எழுத்து.

ஆனால் தோழர்களே, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் சிக்கனம் பிடிப்பதோடு இது தீர்ந்துவிடாது. நாம் 500 ரூபாய் மிச்சம் பிடித்தால், அடுத்த உயர்வில் அதையும் எடுத்துக்கொள்வார்கள். வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மாதம் சராசரி 300 ரூபாய் வரவேண்டும் என்று ஏர்டெல் தலைமை பலமுறை பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே கோரிக்கையும் எழவேண்டும்.

மாதம் என்றால் மாதம்தான் என்று சட்டம் சொல்லட்டும். 28 நாளை மாதமென்று விற்பதைத் தடுக்கட்டும். பிஸ்கட் பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என 2021இல் பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தியது சர்க்கார். பிஸ்கட்டுக்கு உள்ள நியாயம் ரீசார்ஜுக்கு ஏன் இல்லை? ஒவ்வொரு திட்டத்தின் மேலும் நாளொன்றுக்கு என்ன விலை என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லட்டும். வரும் அழைப்பும் ஓ.டி.பி.யும் மட்டும் போதும் என்பவருக்கு ஒரு குறைந்த கட்டணத்தை ஆணையமே நிர்ணயிக்கட்டும். 199 ரூபாயில் 30 ரூபாய் அளவு ஜி.எஸ்.டி.யாகச் சர்க்காருக்குப் போகிறது; அந்தக் குறைந்தபட்சத் திட்டத்துக்காவது வரியை நீக்கட்டும். 2025 செப்டம்பரில் நாடெங்கும் 4ஜி தொடங்கிய பி.எஸ்.என்.எல்.லை வலுப்படுத்தட்டும். நல்ல சிக்னலுள்ள ஒரு பொதுத்துறைக் கம்பெனி நிலைத்து நின்றால்தான், மற்ற மூன்றும் ஒரே வாரத்தில் விலையேற்ற அஞ்சும்.

அடுத்த முறை கடைப்படி ஏறும்போது "ஒரு மாதத்துக்குப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள். "எத்தனை நாள்?" என்று கேளுங்கள். நாளால் வகுத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற முதியவருக்கும் வகுத்துச் சொல்லுங்கள். வேலை நேரத்துக்குக் கணக்குக் கேட்டுத்தான் எட்டு மணி நேர வேலை பெற்றோம். கட்டும் காசுக்குக் கணக்குக் கேட்டுப் பன்னிரண்டு மாத ஆண்டையும் பெறுவோம்!